மாவு அரைக்கிற வேலை யாருடையது?



கொஞ்சம் நீளமான பதிவு. கம்ப்யூட்டர் பக்கம் போகாத உறவினர்கள் நடுவில் இரண்டு மூன்று பத்திகளைத் தாண்டிப் போனாலும் குற்றமில்லை. ஆனால் சாஃப்ட்வேர் கம்பெனிகளில் இருக்கிற என் பழைய மாணவர்கள் முழுசாகப் படிக்க வேண்டும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் கோபமும் உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பியின் பேத்தி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கல்லூரியில் கடைசி வருஷ பிராஜெக்ட். அவள் அப்பா ஊரில் பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறவர். காலையும் மாலையும் யார் எத்தனை லிட்டர் ஊற்றினார்கள், கொழுப்பு எவ்வளவு, எஸ்என்எஃப் எவ்வளவு என்று நோட்டில் எழுதி, பத்து நாளைக்கு ஒருமுறை கூட்டிப் போடுவார். அதை லேப்டாப்பில் செய்ய நோட் ஜேஎஸ்ஸில் ஒரு சின்ன புரோகிராம் எழுதுகிறாள். நல்ல யோசனை. கற்பனைக் கடைக்குக் கற்பனை பில் போடுகிற பிராஜெக்ட் இல்லை, வீட்டில் நாளைக்கே ஓடப்போகிற விஷயம்.

கணக்கைச் சேமித்து வைக்க ஒரு டேட்டாபேஸ் பேக்கேஜை இன்ஸ்டால் செய்யப் போனாள். அங்கேதான் மாட்டிக்கொண்டாள்.

"தாத்தா, நான் ஒரு வரி கூடத் தப்பா அடிக்கலைங்க. என்பிஎம் இன்ஸ்டால்னு போட்டேன், அவ்வளவுதான். பாருங்க, இருநூறு வரிக்கு எரர் வருது."

பார்த்தேன். முதல் வரியில், உன் நோட் பதிப்புக்குத் தயாரான பைனரி எதுவும் கிடைக்கவில்லை என்றது. சரி, இங்கேயே கம்பைல் செய்துகொள்கிறேன் என்று அதுவே முடிவெடுத்து, பைத்தான் எங்கே என்று தேடி, இல்லை என்று விழுந்தது. பைத்தான் போட்டோம். அடுத்து விஷுவல் ஸ்டுடியோ எங்கே, சி பிளஸ் பிளஸ் கம்பைலர் எங்கே என்று கேட்டு மறுபடி விழுந்தது. அதை இறக்கப் போனால் பல ஜிபி. அவள் போன் ஹாட்ஸ்பாட்டில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. பாதியில் நின்றுபோனது.

பால் கணக்கு எழுத ஜாவாஸ்கிரிப்டில் நாற்பது வரி எழுதிய பெண்ணிடம் பைத்தானும் கேட்டு, சி பிளஸ் பிளஸும் கேட்டால் அவள் என்ன நினைப்பாள்? "எனக்கு இது வராதுங்க தாத்தா" என்றாள். இந்த வாக்கியத்தை முப்பது வருஷம் வகுப்பறையில் கேட்டிருக்கிறேன். பாதி நேரம், பிள்ளைக்கு வராதது எதுவும் இருக்காது, கருவிதான் சரியில்லாமல் இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த இரண்டும் நான் பாடம் நடத்தியவை. பழைய பிளஸ் டூ பாடத்திட்டத்தில் ஸ்டார் ஆபீஸும் சி பிளஸ் பிளஸும் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? டர்போவின் நீலத் திரை, ஆல்ட் எஃப் 9 அடித்தால் கம்பைல், கண்ட்ரோல் எஃப் 9 அடித்தால் ரன். பாடத்திட்டம் மாறிய பிறகு பிளஸ் டூவுக்குப் பைத்தான் வந்தது. நான் நடத்திய இரண்டு பாடமும் கைகோத்துக்கொண்டு வந்து என் பேத்தியின் வழியை மறிக்கும் என்று நினைக்கவே இல்லை.

இது ஏன் நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஜாவாஸ்கிரிப்டில் எழுதியது எந்த மெஷினிலும் அப்படியே ஓடும். ஆனால் சில வேலைகளுக்கு, உதாரணமாக டேட்டாபேஸ், படத்தைச் சிறிதாக்குவது, பாஸ்வேர்டைக் குழப்பி வைப்பது போன்றவற்றுக்கு, ஏற்கெனவே சியிலும் சி பிளஸ் பிளஸிலும் எழுதிய நல்ல லைப்ரரிகள் இருக்கின்றன. வேகமும் அதிகம். அவற்றை ஜாவாஸ்கிரிப்டோடு ஒட்டுகிற துண்டுக்குப் பெயர் நேட்டிவ் ஆட்ஆன். கம்பைல் ஆனபின் கடைசியில் புள்ளி நோட் என்று முடிகிற ஒரு ஃபைல் கிடைக்கும். பெயர்தான் புதுசு, உள்ளே இருப்பது விண்டோஸில் டிஎல்எல், லினக்ஸில் எஸ்ஓ, மாக்கில் டைலிப். அதாவது அந்தந்த மெஷினுக்கு அரைத்த மாவு. வேறு மெஷினில் வேகாது.

எத்தனை மெஷின்? விரல் விட்டு எண்ணுங்கள். விண்டோஸ், மாக், லினக்ஸ். ஒவ்வொன்றிலும் இன்டெல் வகை சிப் ஒன்று, ஆர்ம் சிப் ஒன்று. 2020 நவம்பரில் ஆப்பிள் எம்1 வந்ததிலிருந்து மாக்கிலும் இந்த இரண்டு ஜாதி. லினக்ஸிலோ சி லைப்ரரியே இரண்டு வகை: உபுண்டு, டெபியன் எல்லாம் ஜிலிப்சி, கன்டெய்னர்களில் எல்லோரும் போடுகிற ஆல்பைன் மசல். ஜிலிப்சிக்கு அரைத்தது மசலில் ஓடாது. ஆக மொத்தம் எட்டு. அதிலும் புது லினக்ஸில் கம்பைல் செய்ததைப் பழைய லினக்ஸுக்குக் கொண்டுபோனால், எனக்கு இன்னும் புது ஜிலிப்சி வேண்டும் என்று அடம் பிடிக்கும். பழையதில் செய்து புதியதற்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் பேசாமல் ஓடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் வேண்டுமென்றே பழைய லினக்ஸில் உட்கார்ந்து கம்பைல் செய்வார்கள்.

இதோடு முடியவில்லை. நோட்டின் வயிற்றுக்குள் இருப்பது கூகுளின் வி8 எஞ்சின். அதன் உள் அமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும். அதனால் நோட்டின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஒரு மாட்யூல் எண் உண்டு. 18க்கு 108, 20க்கு 115, 22க்கு 127. வி8ஐ நேரடியாகத் தொட்டு எழுதிய ஆட்ஆனை 20இல் கம்பைல் செய்துவிட்டு 22இல் ஓட்டினால், "நான் 115க்குச் செய்யப்பட்டவன், நீ 127 கேட்கிறாய்" என்கிற மாதிரி ஒரு எரர் வரும். கம்பெனியில் இருப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருப்பீர்கள். எட்டு மெஷின், மூன்று பதிப்பு, இருபத்து நான்கு பைனரி. எலக்ட்ரானுக்கு எண் வேறு, அது தனிக் கணக்கு.

இந்தச் சிக்கலுக்கு ஆரம்பத்தில் சொன்ன வழி: இருபத்து நான்கு வகையை யார் அரைப்பது, வாங்குகிறவர் வீட்டிலேயே அரைத்துக்கொள்ளட்டும். 2012 வாக்கில் அதற்கென்று வந்த கருவிதான் நோட்-ஜிப். நோட்டின் ஹெடர் ஃபைல்களை இறக்கும், அந்தந்த மெஷினில் இருக்கிற கம்பைலரைத் தேடும், பில்ட் செய்யும். அதை எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு நோட் பயன்படுத்தியவர்களில் பெரும்பாலானோர் மெஷினில் கம்பைலர் வைத்திருந்தவர்கள். அவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை.

அதன் அடியில் இருக்கிற ஜிப் என்பது குரோம் பிரவுசரை உருவாக்கியவர்கள் தங்கள் தேவைக்குச் செய்துகொண்டது, பைத்தானில் எழுதியது. பிறகு அவர்களே அதைக் கைவிட்டு ஜிஎன் என்று வேறொன்றுக்குப் போய்விட்டார்கள். நோட் உலகம் மட்டும் அந்தப் பழைய வண்டியைத் தானே பழுது பார்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறது. 2009இல் நோட்டை உருவாக்கிய ரயன் டால், 2018இல் பெர்லினில் ஒரு மேடையில் தான் வருந்துகிற பத்து விஷயங்களைப் பட்டியல் போட்டார். ஜிப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது அதில் ஒன்று. தப்பை மேடையில் ஒப்புக்கொள்கிற மனிதரை எனக்குப் பிடிக்கும். பட்டியலோடு நிற்காமல் அதே மேடையில் டெனோ என்று அடுத்ததையும் அறிமுகப்படுத்திவிட்டுப் போனார்.

பைத்தான் தொல்லை மட்டும் தனிக்கதை. பைத்தான் 2க்கு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. நோட்-ஜிப் முழுசாக 3க்கு மாறி 2ஐக் கைகழுவியது 2021இல். அப்பாடா என்று உட்கார்ந்தால், 2023இல் வந்த பைத்தான் 3.12 டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பழைய மாட்யூலைத் தூக்கிவிட்டது. பழைய நோட்-ஜிப் அதை நம்பி இருந்தது, அதுவும் விழுந்தது. யாரோ ஒரு வெப்சைட்டின் நிறத்தை மாற்றப் போகிறார், அவருக்கு ஏன் டிஸ்ட்யூட்டில்ஸ் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும்?

இது மிகைப்படுத்தல் இல்லை. நிறம் மாற்றுகிற வேலைதான். நோட்-சாஸ் ஞாபகம் இருக்கிறதா? ஸ்டைல்ஷீட் எழுதுகிறவர்களுக்கான பேக்கேஜ், உள்ளே லிப்சாஸ் என்ற சி பிளஸ் பிளஸ் லைப்ரரி. நோட் பதிப்பை ஏற்றினால் போதும், அது உடைந்துவிடும். 2020 அக்டோபரில் லிப்சாஸை வழக்கொழிந்ததாக அறிவித்து, எல்லோரையும் டார்ட் சாஸுக்கு மாறச் சொன்னார்கள். அது என்பிஎம்மில் வெறும் ஜாவாஸ்கிரிப்டாக வருகிறது. நேட்டிவ் அளவுக்கு வேகம் இல்லை. ஆனால் இன்ஸ்டால் செய்தால் இன்ஸ்டால் ஆகிறது. அரை வினாடி மெதுவாக இருப்பதற்காக யாரும் அழுது நான் பார்க்கவில்லை. இன்ஸ்டால் ஆகாமல் அழுத ஒரு பெண்ணைப் போன ஞாயிறு பார்த்தேன்.

என் கட்சியைச் சொல்கிறேன். கம்பைல் செய்கிற பாரம் பேக்கேஜ் போடுகிறவருடையது. பயன்படுத்துகிறவருடையது இல்லை. மாவுக்கடைக்காரர் வருகிற ஆளிடமெல்லாம் அரிசியைக் கையில் கொடுத்து, வீட்டில் கிரைண்டர் இருக்கிறதா, கரண்ட் இருக்கிறதா, கல் கொத்தியிருக்கிறதா என்று கேட்டால் கடை எதற்கு? அவர் ஒருமுறை அரைத்தால் ஆயிரம் வீட்டில் இட்லி.

இதற்கு இன்றைக்கு வழி இல்லாமலும் இல்லை. நோட்-ஏபிஐ என்று ஒன்று 2017இல் நோட் 8இல் சோதனையாக வந்து 2018இல் நோட் 10இல் நிலைபெற்றது. வி8ஐ நேரடியாகத் தொடாதே, நடுவில் நாங்கள் சில சி ஃபங்ஷன்கள் தருகிறோம், பதிப்பு மாறினாலும் அவற்றை மாற்ற மாட்டோம் என்கிற வாக்குறுதி அது. அதை நம்பி எழுதினால் 18இல் கம்பைல் செய்தது 22இலும் ஓடும். இருபத்து நான்கு என்ற என் கணக்கு எட்டாகக் குறைந்துவிடும். எட்டு என்பது ஒரு மனிதர் சமாளிக்கிற எண். கிட்ஹப்பில் விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்று மெஷினும் பொது பிராஜெக்ட்டுகளுக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு யாம்ல் ஃபைலை ஒழுங்காக எழுதினால் பதிப்பு வெளியிடும்போது அதுவே அரைத்துவிடும்.

அரைத்ததை எங்கே வைப்பது என்பதிலும் எனக்குக் கருத்து உண்டு. சிலர் வேறொரு சர்வரில் வைத்துவிட்டு, இன்ஸ்டால் ஆகும்போது ஒரு ஸ்கிரிப்ட் ஓடி இறக்கிக்கொள்ளட்டும் என்று விடுகிறார்கள். கல்லூரி லேபில், கம்பெனியில், அந்த சர்வரை ஃபயர்வால் தடுத்தால் கதை முடிந்தது. மறுபடி கம்பைலர் தேடப் போய்விடும். இதைவிட ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு குட்டிப் பேக்கேஜ் என்று என்பிஎம்மிலேயே போட்டுவிட்டு, தலைமைப் பேக்கேஜில் எல்லாவற்றையும் விருப்பச் சார்பாக எழுதிவிடுவது நல்லது. எந்த மெஷினோ அதற்கு உரியது மட்டும் இறங்கும். இஎஸ்பில்ட் அப்படித்தான் வருகிறது. படங்களைக் கையாளுகிற ஷார்ப் 2023இல் வந்த 0.33 பதிப்பிலிருந்து இந்த வழிக்கு மாறியது. இதில் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் என்ற ஒன்று ஓடவே வேண்டாம்.

இதை எழுதுவதற்கு முன் பெங்களூரில் இருக்கிற என் பழைய மாணவன் ஒருவனிடம் போனில் பேசினேன். வகுப்பிலேயே எதிர்க்கேள்வி கேட்கிறவன்.

"சார், யாரோ கம்பைல் செஞ்ச பைனரியை எப்படி சார் நம்புறது? சோர்ஸ்னா படிச்சுப் பார்க்கலாம். உள்ள என்ன கலந்திருக்குன்னு தெரியும். பாக்கெட் மாவுல சோடா போட்டானா இல்லையான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் திருப்பிக் கேட்டேன், நீ கடைசியாக எந்த ஆட்ஆனின் சோர்ஸை முழுசாகப் படித்துவிட்டு இன்ஸ்டால் செய்தாய் என்று. சிரித்தான். 2021 அக்டோபரில் யுஏ-பார்சர்-ஜேஎஸ் பேக்கேஜைக் கைப்பற்றி அதில் விஷம் வைத்தார்களே, அது நுழைந்தது பைனரி ஆட்ஆன் வழியாக இல்லை, இன்ஸ்டால் நேரத்தில் தானாக ஓடும் ஸ்கிரிப்ட் வழியாக. வீட்டில் கம்பைல் செய்வதற்கும் அதே கதவைத்தான் திறந்து வைக்க வேண்டியிருக்கிறது. பிஎன்பிஎம் 2025 தொடக்கத்தில் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து, நாம் பெயர் சொல்லி அனுமதிக்காத பேக்கேஜ்களின் ஸ்கிரிப்டை ஓட்டுவதில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறது இல்லையா? சோர்ஸிலிருந்துதான் செய்வேன் என்பவருக்கு அந்த வழி திறந்தே இருக்கட்டும். அதுவே எல்லோருக்குமான வழி என்று இருக்கக் கூடாது.

அவன் சொன்ன இன்னொன்றுக்கு என்னிடம் முழு பதில் இல்லை. இந்தப் பேக்கேஜ்களைப் பலர் சம்பளமில்லாமல், ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறார்கள். அவர்களிடம் போய் எட்டு மெஷினுக்கும் நீயே அரை என்று நாட்டாமை செய்ய நான் யார்? உண்மைதான். மசலுக்கும் ஆர்முக்கும் ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதிக்கவே நேரம் பிடிக்கும். ஆனால் அந்தப் பேக்கேஜ்களை வைத்துச் சம்பாதிக்கிற கம்பெனிகளில்தானே நீங்கள் இருக்கிறீர்கள்? உங்கள் அலுவலக சர்வரில் ஆட்ஆன் உடைந்தால் ஆளைப் போட்டுச் சரிசெய்கிறீர்கள். அதே ஆளை இரண்டு நாள் அந்தப் பிராஜெக்ட்டுக்கு அனுப்பி, பைனரி தயாரிக்கிற யாம்ல் ஃபைலை எழுதிக் கொடுக்கச் சொல்லலாம். இதைத்தான் கேட்கிறேன்.

உங்கள் பக்கம் இன்னும் சில உண்டு. மாக்கில் இன்ஸ்டால் செய்த நோட்-மாட்யூல்ஸ் ஃபோல்டரை அப்படியே லினக்ஸ் கன்டெய்னருக்குள் காப்பி செய்துவிட்டு, ஈஎல்எஃப் ஹெடர் சரியில்லை என்கிற எரரை வைத்துக்கொண்டு ராத்திரி பதினொரு மணிக்கு முழிக்காதீர்கள். உள்ளே போய் இன்ஸ்டால் செய்யுங்கள். ஒரு நேட்டிவ் பேக்கேஜைச் சேர்ப்பதற்கு முன், இது இல்லாமல் முடியுமா என்று ஒருமுறை பாருங்கள். பாஸ்வேர்டுக்கு எஸ்கிரிப்ட் நோட்டுக்குள்ளேயே இருக்கிறது. எஸ்க்யூலைட்டும் 22.5லிருந்து உள்ளேயே வந்துவிட்டது. ஜூனியர் ஒருவர் நோட்-ஜிப் எரரோடு வந்தால், "கூகுள் பண்ணுப்பா" என்று அனுப்பாமல் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்காருங்கள். அந்த இருநூறு வரியில் படிக்க வேண்டியது முதல் நான்கு வரி மட்டும்தான் என்று யாராவது சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும்.

என் பேத்தியின் விஷயத்திலும் விடை முதல் வரியிலேயே இருந்தது. தயாரான பைனரி இல்லை என்றதே, ஏன் இல்லை? அவள் போட்டிருந்தது அப்போதுதான் வெளிவந்த புத்தம் புது நோட். அதற்கு இன்னும் யாரும் அரைத்து வைக்கவில்லை. அதை நீக்கிவிட்டு நீண்ட கால ஆதரவு உள்ள பதிப்பைப் போட்டோம். மறுபடி என்பிஎம் இன்ஸ்டால். பைத்தான் கேட்கவில்லை, கம்பைலர் கேட்கவில்லை, பத்து வினாடியில் முடிந்தது. மூன்று மணி நேரம் போராடிய பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவுதானுங்களா தாத்தா? இதுக்கா நான் வராதுன்னு சொன்னேன்?"

எங்கேயோ முகம் தெரியாத ஒருவர் அவள் மெஷினுக்கு என்று ஏற்கெனவே கம்பைல் செய்து வைத்திருந்தார் கண்ணு, அதனால்தான் என்றேன்.

இப்போது இன்னொரு சிக்கல். சொசைட்டியில் இருக்கிறது அரசு கொடுத்த பழைய இலவச லேப்டாப், யாரோ லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறார்கள். எந்த ஜிலிப்சி என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பழசாக இருந்தால் புது நோட்டே ஓடாது. லினக்ஸில் கை பழகிய பிள்ளைகள் யாராவது கோபி, சத்தி பக்கம் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். சனிக்கிழமை சாயங்காலப் பால் எடுத்து முடித்த பிறகு ஏழு மணிக்கு மேல் சொசைட்டி காலியாக இருக்கும். டீ என் செலவு.